கோணல் அறையில் நேர்ப் பெட்டிகள்: சமையலறை அலமாரி பற்றிய வாசகர் கேள்விகள்

சமையலறை அலமாரிகளைத் தாமே செய்து பொருத்த விரும்பும் வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். கடிதங்கள் வந்த வரிசையை விட்டு, வேலை நடக்கும் வரிசையில் அவற்றை அமைத்திருக்கிறோம். ஒரே ஐயத்தை எழுப்பிய கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லப்பட்டுள்ளது.

கேள்வி: முக்காலி, புத்தக அலமாரி, காலணி அடுக்கு ஆகியவற்றை நானே செய்து பழகியிருக்கிறேன். இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு சமையலறை அலமாரிகள் முழுவதையும் செய்துவிட முடியுமா? எந்த இடத்தில் தடுமாறுவேன்?

பதில்: முடியும். சமையலறையின் கீழ் அலமாரி என்பது இரண்டு பக்கப் பலகைகள், ஓர் அடிப்பலகை, மேலே இரண்டு குறுக்குச் சட்டங்கள், ஒரு பின்பலகை ஆகியவற்றால் ஆன பெட்டி. புத்தக அலமாரி செய்தவர் இதில் புதிதாகக் கற்க வேண்டிய இணைப்பு எதுவும் இல்லை. ஆனால் புத்தக அலமாரி தனியாக நிற்பது; அது 3 மி.மீ. சாய்ந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. சமையலறையிலோ ஆறேழு பெட்டிகள் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நெருங்கி நின்று, ஒரே மேடைக் கல்லைத் தாங்கி, 3 மி.மீ. இடைவெளியில் எல்லாக் கதவுகளையும் ஒரே கோட்டில் காட்ட வேண்டும். பெட்டி நேராக இருந்தே தீர வேண்டும். அறை அப்படி இருப்பதில்லை. சுவர் நடுவில் குழிந்திருக்கும், பூச்சு ஓரிடத்தில் தடித்திருக்கும், தரை தண்ணீர் வெளியேறும் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். நேரான பெட்டிகளைக் கோணலான அறைக்குள் நிறுத்துவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. அறுப்பதும் திருகு முடுக்குவதும் கை பழகினால் வந்துவிடும்.

ஆகவே எல்லாப் பலகைகளையும் ஒரே மூச்சில் அறுத்துக் குவிக்காதீர்கள். உங்கள் திட்டத்தில் இருப்பதிலேயே சிறிய பெட்டியை முதலில் செய்து, அதற்குக் கதவும் கீலும், இயன்றால் ஓர் இழுப்பறையும் பொருத்தி முடித்துவிடுங்கள். கணக்கில் ஏதேனும் பிழை இருந்தால் அது அந்த ஒரு பெட்டியோடு நின்றுவிடும். எரிவாயுக் குழாயையும் மின் இணைப்பையும் மட்டும் அதற்குரிய தகுதி பெற்றவர்களிடம் விட்டுவிட வேண்டும். அவற்றின் இடங்கள் முடிவான பிறகே அலமாரிக்கு அளவெடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சமையலறை மிகவும் குறுகலானது. இரு பக்கமும் அலமாரி வைத்தால் நடுவில் நின்று வேலை செய்ய இடமிருக்குமா?

பதில்: இரு பக்கமும் 600 மி.மீ. ஆழத்துக்கு மேடை அமைத்தால், நடுவில் குறைந்தது ஒரு மீட்டர் வழி விட வேண்டும். இருவர் சேர்ந்து சமைக்கும் வீடென்றால் 1.2 மீட்டர் வேண்டும். உங்கள் அறை 2.2 மீட்டரை விடக் குறுகலாக இருந்தால், ஒரு பக்கத்து அலமாரியின் ஆழத்தை 300 அல்லது 350 மி.மீ. ஆகக் குறைத்து, அதைச் சாமான் வைப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

சிறிய அறை என்பதற்காக வருந்த வேண்டியதில்லை. மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக 1926-இல் வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே கொண்டது. சுமார் 10,000 வீடுகளில் அமைக்கப்பட்ட அந்த அறைதான் இன்றைய பொருத்துச் சமையலறைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. சமைப்பவர் எடுத்து வைக்கும் அடிகளைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் சுற்றளவு 4 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும் என்ற பிற்கால விதியும் அதே நோக்கத்தில் எழுந்ததுதான். குறுகிய அறையில் இந்த விதியின் மேல்வரம்பு தானாகவே நிறைவேறிவிடும்.

கேள்வி: அளவெடுப்பதை எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எனக்கு வேறு வேறு எண் வருகிறது.

பதில்: உங்கள் அளவுநாடா பொய் சொல்லவில்லை; சுவர்தான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எனவே ஒரே ஓர் அளவைத் தேடாமல், வேறுபாடு எவ்வளவு என்பதைக் கண்டுபிடிப்பதையே அளவெடுப்பதாகக் கொள்ளுங்கள்.

முதலில் தரை. லேசர் மட்டக் கருவி இருந்தால் அதைக் கொண்டும், இல்லாவிட்டால் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டும், தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் சுவர்களைச் சுற்றி ஒரு கிடைக்கோடு வரைந்துகொள்ளுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஓரிடமாக, அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்து, அந்தந்த எண்ணை அங்கேயே சுவரில் பென்சிலால் குறித்துவிடுங்கள். எந்த இடத்தில் எண் மிகச் சிறியதாக வருகிறதோ அதுவே தரையின் மேடான இடம். அலமாரிகளின் உயரக் கணக்கு முழுவதும் அந்த மேட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். தாழ்வான இடங்களில் கால்களைத் திருகி உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் மேடான இடத்தில் பெட்டியைத் தரைக்குள் இறக்க முடியாது.

அடுத்தது அகலம். இரு சுவர்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தரையருகே, மேடை உயரத்தில், மேல் அலமாரியின் உயரத்தில் என மூன்று மட்டங்களில் அளக்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் பின்சுவரை ஒட்டி ஒரு முறையும், அதிலிருந்து 600 மி.மீ. முன்னே ஒரு முறையும் அளந்தால் மொத்தம் ஆறு எண்கள் கிடைக்கும். அவற்றில் மிகச் சிறியதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மறுசுவரில் 120 செ.மீ. குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே அளந்தால் 150 செ.மீ. வர வேண்டும். குறைந்தால் மூலை குறுகியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது.

இவ்வளவு அளந்த பிறகு, மிகச் சிறிய அகலத்தையும் முழுமையாகப் பெட்டிகளால் நிரப்பிவிடக் கூடாது. சுவரைத் தொடும் ஒவ்வொரு முனையிலும் 30 முதல் 50 மி.மீ. வரை வெற்றிடம் விட்டு, அங்கே கதவின் நிறத்திலேயே ஒரு நிரப்புப் பட்டையை வைக்க வேண்டும். அந்தப் பட்டையைச் சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தினால் சுவரின் கோணல் முழுவதும் அந்த ஒரு பட்டைக்குள் அடங்கிவிடும், பெட்டிகள் நேராகவே நிற்கும். நிரப்புப் பட்டை இல்லாமல் செய்யப்பட்ட சமையலறைகளில் கடைசி இழுப்பறையின் கைப்பிடி சுவரிலோ நிலைச்சட்டத்திலோ இடித்துக்கொண்டு பாதியில் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பட்டையை வெட்டுவதும் எளிது: அதைச் சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிறுத்தி, மிகப் பெரிய இடைவெளியின் அளவுக்குக் கவராயத்தை விரித்து, அதன் ஒரு முனை சுவரைத் தடவிக்கொண்டே இறங்க, மறுமுனையில் உள்ள பென்சில் பட்டையின் மேல் கோடு இழுக்கும்படி செய்யுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் சுவரின் வளைவு அப்படியே கிடைக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, 100 முதல் 150 மி.மீ. காலின் மேல் 720 மி.மீ. பெட்டி, அதன் மேல் 20 முதல் 40 மி.மீ. மேடை என்ற வழக்கமான கணக்கில் மொத்தம் 840 முதல் 910 மி.மீ. வரை வரும். எந்த எண்ணைத் தேர்வது என்பதைச் சமைப்பவரின் முழங்கை தீர்மானிக்க வேண்டும். கையை மடக்கி நிற்கும்போது முழங்கை இருக்கும் உயரத்திலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருந்தால் தோளும் முதுகும் வலிக்காது. பெட்டியின் ஆழம் 560 மி.மீ.; கதவும் கல்லின் முன்விளிம்பும் சேர்ந்து 600 ஆகும். மேல் அலமாரிக்கு 300 முதல் 350 மி.மீ. ஆழம் போதும்; மேடைக்கும் அதற்கும் இடையே 450 முதல் 600 மி.மீ. விடலாம். அடுப்புக்கு மேலே மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. புகைபோக்கிக் கருவியின் கையேட்டில் குறித்துள்ள இடைவெளியையே பின்பற்ற வேண்டும்.

கேள்வி: பிளைவுட், எம்டிஎப், துகள் பலகை, பிவிசி பலகை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: தண்ணீர் எங்கே படும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கீழ் அலமாரிக்கு, குறிப்பாகக் கழுவுதொட்டியின் கீழ் வரும் பெட்டிக்கு, கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டப்பட்ட பிளைவுட்டே ஏற்றது. மெல்லிய மரத்தாள்களை ஒன்றன் இழை மற்றதற்குக் குறுக்காக வரும்படி அடுக்கி ஒட்டுவதால் அது ஈரத்தில் எளிதில் நீளவோ சுருங்கவோ செய்யாது. திருகையும் நன்றாகப் பிடிக்கும். மரத்துகளை ஒட்டி அழுத்திய துகள் பலகையும் மரநாரை ஒட்டி அழுத்திய எம்டிஎப்பும் வெட்டிய விளிம்பு வழியாக ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பியது காய்ந்த பிறகும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. ஆனால் கதவுக்கு வண்ணம் பூச நினைப்பவர்களுக்கு எம்டிஎப்பின் வழவழப்பு பிளைவுட்டில் கிடைக்காது, ஆகவே அதை அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். பிவிசி பலகை தண்ணீருக்கு அஞ்சாது. அடுப்பின் வெப்பத்துக்கு அஞ்சும், திருகைப் பிடிப்பதிலும் பிளைவுட்டுக்கு ஈடாகாது. கழுவுதொட்டிப் பெட்டிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது நியாயமான சமரசம்.

எந்தப் பலகையானாலும் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் (பலகையின் மேல் ஒட்டும் கெட்டியான அலங்காரத் தாள்) ஒட்டாதீர்கள். இரு முகங்களும் ஈரத்தை ஒரே அளவில் ஏற்காவிட்டால் பலகை வில்லாக வளையும்; உயரமான கதவுகளில் இது முதலில் தெரியும். வெளிப்பக்கம் ஒரு மி.மீ. லேமினேட் என்றால், உள்பக்கத்துக்குச் சற்று மெல்லிய சாதாரண வெள்ளை லேமினேட் போதுமானது.

கேள்வி: பெரிய பலகையை வீட்டில் அறுக்கும்போது ஓரம் சிதைகிறது. அளவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: 2440-க்கு 1220 மி.மீ. அளவுள்ள 18 மி.மீ. பிளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதைத் தனி ஒருவர் தூக்கி, பிடித்து, நேராக அறுப்பது வீட்டுச் சூழலில் கடினமும் ஆபத்தும் ஆன வேலை. பலகை அறுக்கும் பெரிய இயந்திரம் உள்ள பட்டறையில் உங்கள் பட்டியலைக் கொடுத்து அறுத்து வாங்கிக்கொண்டு, மற்ற வேலைகளை வீட்டில் செய்வதில் எந்தக் குறைவும் இல்லை என்பது என் கருத்து.

வீட்டிலேயே அறுப்பதானால், கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பற்கள் கீழிருந்து மேல்நோக்கி வெட்டுவதால், பலகையின் நல்ல முகம் கீழே இருக்க வேண்டும். மேசை ரம்பத்தில் இது நேர்மாறு. நெருக்கமான பற்கள் கொண்ட வட்டைப் பொருத்தி, வெட்டுக்கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்பால் இறுக்கி அதை ஒட்டியே ரம்பத்தை நகர்த்தினால் சிதைவு வெகுவாகக் குறையும். மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. எனவே துணியைக் கட்டிக்கொள்வதோடு நில்லாமல், துகள் வடிகட்டும் முகக்கவசத்தை அணியுங்கள்.

அளவு தவறுவதற்கு ரம்பத்தைவிடக் கணக்கே பெரும்பாலும் காரணம். ரம்பத்தின் ஒவ்வொரு வெட்டும் ஏறத்தாழ 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கிவிடுகிறது, அதைச் சேர்க்காமல் 1220-ஐ இரண்டாகப் பிரித்து 610 வரும் என்று எதிர்பார்ப்பது வழக்கமான பிழை. இன்னொன்று பலகையின் தடிமன். 18 மி.மீ. என்று விற்கப்படும் பலகை உண்மையில் 17.5 ஆக இருக்கலாம். லேமினேட் ஒட்டியபின் 19-ஐத் தாண்டலாம். வெளி அகலம் 600 மி.மீ. உள்ள பெட்டிக்கு அடிப்பலகையின் அகலம், 600-இலிருந்து இரண்டு பக்கப் பலகைகளின் தடிமனைக் கழித்தால் வருவது. தடிமன் 18 என்றால் 564, 17.5 என்றால் 565. இந்த ஒரு மி.மீ. வேறுபாடு ஆறு பெட்டிகளில் 6 மி.மீ. ஆகிவிடும். வாங்கி வந்த பலகையைக் காலிப்பரால் அளந்த பிறகே வெட்டுப்பட்டியலை எழுதுங்கள்.

கேள்வி: பெட்டியை இணைத்து முடித்ததும் லேசாக ஆடுகிறது, ஒரு பக்கம் சாய்ந்தும் தெரிகிறது. மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: மூலைமட்டம் அந்த ஒரு மூலையைப் பற்றி மட்டுமே சொல்லும். முழுப் பெட்டியைப் பற்றிச் சொல்வது மூலைவிட்டம். 600 மி.மீ. அகலமும் 720 மி.மீ. உயரமும் உள்ள பெட்டியில் எதிரெதிர் மூலைகளுக்கு இடையே குறுக்காக அளந்தால் இரு பக்கமும் 937 மி.மீ. வர வேண்டும். ஒன்று மற்றதைவிட 4 மி.மீ. கூடுதலாக வந்தால், பெட்டியின் மேற்பக்கம் சுமார் 3 மி.மீ. ஒருபுறமாகச் சரிந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பெட்டியில் எத்தனை முறை கீலைத் திருகினாலும் கதவு முழுமையாகச் சீராகாது.

இதைத் திருத்துவதற்கு உரிய நேரம் பசை ஈரமாக இருக்கும்போதுதான். பெட்டியை முகம் கீழாக, சமமான தரையில் படுக்க வைத்து, நீளமான மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கிளாம்ப் கொண்டோ, வாரை இழுத்தோ நெருக்குங்கள். இரண்டு எண்களும் ஒன்றானதும் பின்பலகையை வைத்துச் சுற்றிலும் பசையிட்டுத் திருகிவிட வேண்டும். பின்பலகையைத் தூசி வராமல் தடுக்கும் மூடியாக மட்டும் பலர் நினைக்கிறார்கள். பெட்டியைச் சதுரமாகப் பிடித்து நிறுத்துவதே அதன் முதல் வேலை. உங்கள் பெட்டி ஆடுவதற்குக் காரணம் பின்பலகை தளர்வாக இருப்பதாகவே இருக்கும். அதைக் கழற்றி, மூலைவிட்டத்தைச் சரிசெய்து, மீண்டும் 10 செ.மீ.க்கு ஒரு திருகு வீதம் பொருத்திப் பாருங்கள்.

திருகைப் பற்றியும் ஒரு சொல். பிளைவுட்டின் விளிம்பில் 4 மி.மீ. திருகை நேரடியாக ஏற்றினால் தாள்கள் பிளந்துகொள்ளும். முதலில் 3 மி.மீ. துளையிட்டு, பிறகு 50 மி.மீ. நீளத் திருகை முடுக்குங்கள்.

கேள்வி: கதவுகளுக்கு எத்தகைய கீல் வாங்க வேண்டும்? துளை எங்கே இடுவது?

பதில்: வெளியே தெரியாத கிண்ணக் கீல் வாங்குங்கள். இதைக் கடைகளில் ஆட்டோ கீல் என்றும் சொல்வார்கள். கதவின் உட்புறத்தில் 35 மி.மீ. விட்டமும் சுமார் 12 மி.மீ. ஆழமும் உள்ள வட்டக் குழியில் அதன் கிண்ணம் அமரும். கதவு 16 மி.மீ.க்கு மெல்லியதாக இருந்தால் துரப்பணம் மறுபுறம் வந்துவிடும் அபாயம் உண்டு. குழியின் ஓரத்துக்கும் கதவின் விளிம்புக்கும் இடையே 5 மி.மீ. விட்டால் குழியின் மையம் விளிம்பிலிருந்து 22.5 மி.மீ. தள்ளி வரும். பக்கப் பலகையில் பதியும் தட்டின் திருகுகளுக்கு முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. என்ற அளவு பொதுவானது. ஆயினும் உங்கள் கீலோடு வரும் தாளைப் பார்த்து உறுதிசெய்து, கழிவுப் பலகையில் ஒரு முறை பொருத்திப் பார்த்த பிறகே நல்ல கதவில் கை வையுங்கள்.

கடையில் கேட்கும்போது கதவு பக்கப் பலகையை முழுவதும் மூடுமா, பாதி மூடுமா, பெட்டிக்குள்ளேயே அமருமா என்பதைச் சொல்ல வேண்டும். இந்த மூன்றுக்கும் கீலின் கை வளைவு வேறு வேறு. இரண்டு கதவுகள் ஒரே நடுப்பலகையைப் பகிர்ந்துகொண்டால் பாதி மூடும் வகையே வேண்டும்.

கதவின் அகலக் கணக்கு எளிது. 600 மி.மீ. பெட்டிக்கு இரட்டைக் கதவென்றால் இரு ஓரங்களிலும் 1.5 மி.மீ. வீதமும் நடுவில் 3 மி.மீ. உம் கழித்து, மீதியுள்ள 594-ஐப் பாதியாக்கினால் ஒவ்வொரு கதவும் 297 மி.மீ. ஆகும். வெட்டிய விளிம்பை மூட ஒட்டும் விளிம்புப் பட்டையின் தடிமன் இதற்குள் அடங்க வேண்டும். 90 செ.மீ. உயரம் வரை இரண்டு கீல்களும், அதற்கு மேல் 160 செ.மீ. வரை மூன்றும் தேவை. கனமான கதவுக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இழுப்பறை இறுக்கமாக ஓடுகிறது. சேனலுக்கு எண்ணெய் விட்டும் பயனில்லை.

பதில்: எண்ணெய்க்கு இங்கே வேலை இல்லை. பக்கவாட்டில் பொருத்தும், ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் டெலஸ்கோபிக் சேனலுக்கு ஒவ்வொரு புறமும் சுமார் 13 மி.மீ. இடம் வேண்டும். பெட்டியின் உள் அகலம் 564 என்றால் இழுப்பறையின் வெளி அகலம் 538 ஆக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. குறைந்தால் சேனலுக்குப் பின்னே லேமினேட் துண்டை வைத்துச் சரிக்கட்டலாம், ஒரு மி.மீ. கூடினாலும் சேனலுக்குள் உருளும் குண்டுகள் நெரிபட்டு ஓட்டம் இறுகிவிடும். இழுப்பறையைக் கழற்றி முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் பின்புறம் அகன்றிருக்கும்.

கேள்வி: மேல் அலமாரியை 90 செ.மீ. அகலத்தில் செய்தோம். நடுத்தட்டு தொய்ந்துவிட்டது. அதே பலகையில் செய்த 60 செ.மீ. அலமாரியில் ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: தட்டின் நீளம் ஒன்றரை மடங்கானால் தொய்வும் ஒன்றரை மடங்குதான் ஆகும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தட்டு முழுவதும் ஒரே நெருக்கத்தில் பாத்திரங்கள் அடுக்கப்பட்டால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 60-ஐ 90 ஆக்கும்போது அது ஐந்து மடங்காகிறது. தடிமனைக் கூட்டுவது இதற்கு ஒரு தீர்வு. 18 மி.மீ. தட்டுக்குப் பதிலாக 25 மி.மீ. தட்டு வைத்தால் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேல் உயரும். இருக்கும் தட்டையே காப்பாற்ற வேண்டுமென்றால், அதைத் திருப்பிப் போட்டு, முன்விளிம்பின் கீழே 40 மி.மீ. அகலமுள்ள கட்டை மரச்சட்டம் ஒன்றைச் செங்குத்தாகப் பசையிட்டு ஒட்டிவிடுங்கள். செலவு குறைவு, பார்வைக்கும் உறுத்தாது.

கேள்வி: மேல் அலமாரி சுவரிலிருந்து பெயர்ந்து விழுமோ என்ற அச்சத்தில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன். பாதுகாப்பாக மாட்டும் முறை என்ன?

பதில்: அச்சம் நியாயமானது. 90 செ.மீ. அகலப் பெட்டி ஒன்று தன் எடையோடு தட்டுகளையும் கண்ணாடிச் சாமான்களையும் சேர்த்து 60 கிலோவை எளிதில் எட்டிவிடும். இந்த எடை பெட்டியைக் கீழே இழுப்பதோடு, மேல்விளிம்பைச் சுவரிலிருந்து வெளியேயும் இழுக்கிறது. ஆகையால் மேல்விளிம்பை ஒட்டிய பிடிப்பே முக்கியம்.

6 மி.மீ. பின்பலகையின் வழியாகத் திருகி மாட்டுவது கூடவே கூடாது. திருகின் தலை பலகையைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். பின்பலகைக்குப் பின்னே, பெட்டியின் மேல்பகுதியில், 18 மி.மீ. தடிமனும் 8 முதல் 10 செ.மீ. அகலமும் உள்ள தாங்குசட்டம் ஒன்றை இரு பக்கப் பலகைகளோடும் பசையிட்டுத் திருகி இணைத்து, அதன் வழியாகவே சுவரில் பொருத்த வேண்டும். கடைகளில் கிடைக்கும் உலோகத் தொங்குதண்டும் அதற்குரிய கொக்கிகளும் இன்னும் வசதியானவை. மாட்டிய பிறகும் உயரத்தைத் திருகிச் சரிசெய்யலாம்.

சுவரைத் துளையிடும்போது, திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளக் பூச்சில் மட்டும் நின்றுவிடக் கூடாது. பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் குறைந்தது 50 மி.மீ. இறங்க வேண்டும். துரப்பணத்தில் வெளிவரும் தூளின் நிறம் மாறுவதைக் கவனித்தால் பூச்சு எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். உள்ளீடற்ற கல்லால் கட்டிய சுவரில் சாதாரண பிளக் சுழன்றுகொண்டே இருக்கும். அதற்கென உள்ள விரியும் வகையையோ இரசாயனப் பசையையோ பயன்படுத்துங்கள். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலும் துளையிடாதீர்கள். கம்பிகளும் குழாய்களும் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே ஓடும். கம்பி கண்டறியும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கியேனும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

மேல் அலமாரிகளையே முதலில் மாட்டுங்கள். கீழ் அலமாரி இல்லாதபோது சுவரை நெருங்கி நிற்கலாம், கருவி கைதவறினாலும் மேடை உடையாது. பெட்டியின் அடிமட்டம் வரும் கோட்டில் ஒரு தற்காலிகச் சட்டத்தைச் சுவரில் திருகிவிட்டு, பெட்டியை அதன் மேல் உட்கார வைத்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த பெட்டிகளின் முன்விளிம்புகளைக் கிளாம்பால் சமமாகப் பிடித்து ஒன்றோடொன்று திருகிய பிறகே சுவர்த் திருகுகளை முழுமையாக இறுக்குங்கள். சுவர் குழிந்த இடத்தில் பெட்டிக்குப் பின்னே ஆப்புத் துண்டு வைக்க வேண்டும். வைக்காமல் இறுக்கினால் குழிக்கு ஏற்றபடி பெட்டி முறுகும், அதுவரை சீராக இருந்த கதவுகள் அப்போது கோணிக்கொள்ளும்.

கேள்வி: கீழ் அலமாரிகளின் மேல் கருங்கல் மேடை போட இருக்கிறோம். பிளாஸ்டிக் கால்கள் தாங்குமா?

பதில்: 20 மி.மீ. கருங்கல் சதுர மீட்டருக்குச் சுமார் 54 கிலோ எடையுள்ளது. 3 மீட்டர் நீள மேடை ஏறத்தாழ 100 கிலோ. கால்கள் பக்கப் பலகைகளுக்கு நேர் கீழே அமைந்திருந்தால் எடை நேராகத் தரைக்கு இறங்கும், தாங்கும். அடிப்பலகையின் நடுவில் கால் வைத்தால் அந்தப் பலகைதான் எடையைச் சுமக்க வேண்டியிருக்கும். கல் வருவதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்றும் சுவரோடும் இணைத்துவிடுங்கள். கல் ஏறிய பிறகு எந்தக் காலையும் திருக முடியாது.

கேள்வி: கழுவுதொட்டியின் கீழ் உள்ள அலமாரி மட்டும் எல்லா வீட்டிலும் முதலில் கெட்டுப்போகிறது. அதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: அங்கே பலகையைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய் உடைந்து பாயும் வெள்ளம் அல்ல, யாரும் பார்க்காத வெட்டுவிளிம்புகளின் வழியே நாள்தோறும் கசியும் ஈரம். குழாய்க்காகப் பின்பலகையில் இட்ட துளை, அடிப்பலகை சுவரைத் தொடும் பின்விளிம்பு, பக்கப் பலகையின் அடிமுனை ஆகிய மூன்றும் விளிம்புப் பட்டை இல்லாமல் விடப்படுகின்றன. பொருத்துவதற்கு முன்பே இவற்றுக்கு எண்ணெய் வண்ணமோ எபாக்சியோ இரண்டு பூச்சுப் பூசி, துளையின் உள்வட்டத்தையும் விடாமல் மூடிவிடுங்கள். உள்ளே அடிப்பலகையும் பக்கங்களும் சேரும் மூலைகளில் சிலிக்கான் இழுத்துவிட்டால், சிந்திய தண்ணீர் இணைப்புக்குள் இறங்காது.

இந்தப் பெட்டிக்கு முழுப் பின்பலகை தேவையில்லை. மேலும் கீழும் ஒவ்வொரு சட்டம் வைத்து நடுவைத் திறந்துவிட்டால், அடைப்பானையும் கழிவுக் குழாயின் வளைவையும் பலகையை உடைக்காமல் பழுது பார்க்கலாம், காற்றும் உலவும். தரையைக் கழுவும் தண்ணீர் காலைத் தொடுமே தவிரப் பலகையைத் தொடாதபடி, பெட்டியின் அடி தரையிலிருந்து குறைந்தது 100 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். காலை மறைக்கும் பட்டையை ஆணியடிக்காமல் கவ்விகளால் பொருத்தினால், கசிவு நேர்ந்த அன்றே அதைக் கழற்றித் துடைத்துவிடலாம்.

கேள்வி: எரிவாயு உருளையை மேடையின் கீழ் உள்ள அலமாரிக்குள் வைத்துக் கதவு போட்டு மூடலாமா?

பதில்: உங்கள் பகுதியின் பாதுகாப்பு விதி அனுமதித்தால் மட்டும் வைக்கலாம். அப்போதும் காற்றுத் துளைகளை அலமாரியின் அடிமட்டத்தில் அமைப்பது கட்டாயம். உருளையில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையை ஒட்டித் தேங்கும். கதவின் மேற்பகுதியில் அழகுக்காக வெட்டிய துளைகள் அதை வெளியேற்றமாட்டா. கதவின் அடிப்பகுதியில் கம்பித் தடுப்பு வைத்து, உருளை நிற்கும் இடத்துக்கு அடிப்பலகையே இல்லாமல் தரையைத் திறந்து விடுங்கள். மின் செருகுமுனை எதுவும் அந்தப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. அடைப்பானைக் கைக்கு எட்டும்படி முன்பக்கமாகத் திருப்பி வைத்து, உருளையை வெளியே எடுக்காமலேயே மூடித் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே அந்த அலமாரிக்குக் கதவைப் பொருத்துங்கள்.